பூண்டு போடாத ஒரு வருஷம்

ஸ்ரீசரணுக்கு இருபத்தேழு வயதிலேயே ஈரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில். கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் வந்தது. காரணம் கேன்டீன்தான். தினமும் பூரி, இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கிற ஏதோ ஒரு சாதம். அவன் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பெருமாளுக்குப் படைக்காமல் அவன் அம்மா யாருக்கும் சோறு போடமாட்டார். படைத்து முடிய எட்டரை ஆகும். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கே பொன்னேரிக்கரையில் அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அதே பஸ்ஸில் நான் திருப்புட்குழியிலிருந்து வருகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே குவாலிட்டி செக்‌ஷன். நான் அவனைக் காதலித்தேன், அவனும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த ரிப்போர்ட் வந்த மறுநாளே இரண்டு டப்பா கட்டினேன். எனக்கு நீல மூடி, அவனுக்குப் பச்சை மூடி.

வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றான். வாயில் வாசனை வந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாளாம். கேன்டீன் குருமாவில் மட்டும் எப்படி என்று நான் கேட்கவில்லை. காதலிக்கிறவள் அதையெல்லாம் கேட்பதில்லை. காலையில் எங்கள் வீட்டில் இரண்டு சமையல் செய்ய முடியாது, ஆகவே வீட்டில் எல்லாருக்குமே பூண்டு போடுவது நின்றது. அப்பா பூண்டை அடுப்புத் தணலில் சுட்டுத் தின்கிற மனுஷன். வயலுக்குப் போகும்போது அவருக்கும் அதே சாப்பாடுதான்.

"என்னாடி, நம்ம வூட்டு அடுப்புக்குப் பூணூல் போட்டுட்டியா?" என்று அம்மா கேட்டாள். அப்பா மட்டும், பெருங்காயம் போட்டதால் ரசம் நன்றாகத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போவார்.

வரகு சாதமும் கீரைக் கூட்டும். மிளகு சீரகம் அரைத்த கொள்ளுத் துவையல். முளைகட்டின பயறு. குதிரைவாலி தயிர் சாதம், மேலே மாதுளை. சலிப்புத் தட்டாமல் மாற்றி மாற்றிக் கட்டினேன். அடுத்த பரிசோதனையில் அவன் சர்க்கரை இறங்கியிருந்தது. போனில் ரிப்போர்ட்டைக் காட்டி, "இது மருந்து இல்ல, உன் சாப்பாடு," என்றான். வைகாசியில் வீட்டில் பேசிவிடுகிறேன் என்றும் சொன்னான்.

எங்கள் வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவங்க வூட்ல நீ ஆக்கினா சாப்புடுவாங்களாமா?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இந்தக் காலத்தில் என்ன பேச்சு இது என்று கத்தினேன். என்னிடம் சாட்சியும் இருந்தது. சாயங்காலம் அவன் வீட்டுக்கு எடுத்துப்போகிற டப்பா மறுநாள் காலையில் பளபளவென்று திரும்பி வரும். மூடியின் இடுக்கில்கூட ஒரு பிசுக்கு இருக்காது. நான் கழுவினால்கூட அப்படி வராது. அவன் அம்மாதான் தேய்க்கிறார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். தன் பிள்ளைக்குச் சோறு போடுகிறவளின் பாத்திரத்தை ஒரு தாய் அப்படித் தேய்த்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வைகாசிக் கருட சேவை அன்று அவன் அம்மா ஸுபத்ரா என்னை வரச் சொல்லியிருந்தார். விடியற்காலையிலேயே எழுந்து நீல மூடி டப்பாவில் குதிரைவாலி தயிர் சாதம் கட்டினேன். தெருவெல்லாம் கூட்டம். அந்த வீட்டில் என்னை நன்றாகத்தான் நடத்தினார்கள், அதில் பொய் சொல்லமாட்டேன். ஸுபத்ரா வாசல் வரை வந்து அழைத்தார். கூடத்தில் இலை போட்டு, குனிந்து குனிந்து அவரே பரிமாறினார். புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வைத்தார். நான் கொண்டுபோன டப்பாவை மட்டும் "அங்கயே இருக்கட்டும்மா" என்று ஜன்னல் மேடையைக் காட்டினார்.

கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல் பக்கத்தில், கட்டைச் சுவர்மேல் என் பச்சை மூடி டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். வேலை செய்கிற அம்சாக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தட்டு யாருடையது என்றேன்.

"என்னுதுதாம்மா. நான் துன்றது. அந்த டப்பா தம்பி ஆபீசுக்கு எடுத்துக்கினு போறது."

"நீங்களா தேய்க்கிறீங்க?"

"வேற யாரு? அது உள்ள போவாது. வண்டியிலேர்ந்து நேரா இங்கதான்."

ஒரு வருஷம். தினமும் அவன் கையாலேயே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

கூடத்துக்கு வந்தேன். ஜன்னலில் இருந்த டப்பாவை எடுத்துத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அம்மா தூணருகே நின்றிருந்தார்.

"ஒரு வாய் சாப்பிடு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"ஆபீஸ்ல தினமும் சாப்பிடறேனே ஜீவிதா. அது போதாதா?"

ஸுபத்ரா கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். "அவன் வெளியில எங்க என்ன சாப்பிடறான்னு நான் கேக்கறதே இல்லேம்மா. ஆத்துல பெருமாள் இருக்கார். இங்க அது முடியாது."

எங்கள் ஊரிலும் பெருமாள்தான் இருக்கிறார், நாங்கள் படைப்பதைத்தான் அவரும் சாப்பிடுகிறார் என்றேன். கேன்டீனில் யார் சமைக்கிறார்கள் என்று என்றைக்காவது கேட்டதுண்டா என்றேன். அவர்கள் இலையில் நான் உட்கார்ந்து சாப்பிடலாம், என் டப்பாவில் இருப்பதை அந்த வீட்டில் யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். அவன் அந்தத் தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கை மட்டும் மடியிலிருந்து எழவில்லை. நான் டப்பா கட்டின ஒரு வருஷத்துக்கும் அதுதான் பதில் என்று புரிய எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. மூடியை அழுத்தி மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொல்லையில் இருந்த டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்சாக்கா புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா, போன விஷயம் என்ன ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். மறுநாள் காலை அடுப்பு பற்ற வைத்தபோது அப்பா சமையற்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருகிறவரே இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பூண்டு போடலாமில்லமா?"

போடலாம்ப்பா என்றேன். அவர் பூண்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பல்லாக உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேலேயே உரித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கை பழகியிருந்தது, இரண்டு டப்பா கட்டியிருந்தேன். பஸ் ஏறின பிறகுதான் பையின் கனத்தில் தெரிந்தது.

பொன்னேரிக்கரையில் அவன் ஏறினான். வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நேற்று நடந்ததற்கு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ராஜகுளம் தாண்டினதும் மெதுவாகக் கேட்டான்.

"இன்னிக்கு என்ன?"

"பூண்டு போட்டிருக்குது."

"பரவால்ல, குடு. ஆபீஸ்லதானே."

அவன் கை நீண்டுதான் இருந்தது. எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் இரண்டு டப்பாவையும் நானே திறந்தேன். நீல மூடியை முடித்துவிட்டேன். பச்சை மூடியில் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.