ஜெயமலர் நாளைக்கு மத்தியானம் வருவா

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்பது என் மகள் யதுசாவின் தீர்ப்பு. நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதல் தொடக்கம்: "பால்டிக் கடல் சாம்பல் நிறத்தில் விரிந்து..." (அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

இரண்டாவது: "துறவிகள் மௌனம் காத்த இப்புனிதச் சுவர்களுக்குள்..." (ஹோட்டலின் விளம்பரத்தாளில் இருந்த வசனம். என்னுடையதல்ல.)

மூன்றாவது: என் மனைவி ஜெயமலர் பத்தொன்பது வருடம் ஒரு சலவை ஆலையில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். கடலோரத்தில் பழைய மடமொன்றைத் திருத்தி ஆடம்பர ஹோட்டலாக்கியிருந்தார்கள்; விரிப்புகள் அங்கிருந்து வந்தவை. "ஒருநாளாவது இதிலை படுத்துப் பாக்கோணும்" என்பாள். அவள் ஓய்வு பெற்றபோது, கூட வேலை செய்தவர்கள் அங்கே தங்க ஒரு பரிசுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சீட்டில் அவள் பெயர். 'பெயருக்குரியவர் நேரில் வரவேண்டும்.' மூன்று மாதத்தில் அவள் போய்விட்டாள்.

இது தொடக்கமாக இருக்கட்டும்.

2.

சீட்டு காலாவதியாக இரண்டு நாள் இருக்கையில் நானும் யதுசாவும் போனோம். துறவிகள் வெறும் பலகையில் படுத்த அறைகளில் இப்போது தலையணைக்கே ஐந்து வகை. தேவாலயம் இருந்த இடத்தில் நீராவிக் குளியல். (இங்கே ஆன்மிகம் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

வரவேற்பு மேசையில் மேலாளர் திருமதி ஹன்சன் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "திருமதி ஜெயமலர் எங்கே?"

'இறந்துவிட்டார்' என்பதற்கான ஜெர்மன் சொல்லை நான் பதினேழு விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன். ஓய்வூதியத்துக்கு, வங்கிக்கு, கைத்தொலைபேசிக்காரனுக்கு. வாயால் ஒருதடவையும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய இடங்களில் யதுசா சொல்லிவிடுவாள். அன்று அவள் காரை நிறுத்தப் போயிருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வருவா" என்றேன்.

அடுத்தநாள் ஜெயமலரின் ஆட்டைத் திவசம். வருடம் திரும்பும் அந்தத் திதியில் இறந்தவர் வந்து சாப்பிடுவார் என்பது எங்கள் வழக்கம். ஆகவே நான் சொன்னது உண்மை. திருமதி ஹன்சன் அதைக் குறித்துக்கொண்டு அறைச் சாவியைத் தந்தார்.

3.

"அப்பா, கீழை அந்த மனிசிக்கு என்ன சொன்னனீங்கள்? அம்மாவுக்கு என்ன பூ பிடிக்கும் எண்டு கேக்குது."

"நீ என்ன சொன்னனீ?"

"நந்தியாவட்டை எண்டா விளங்குமே? செவ்வந்தி எண்டன்."

"அப்ப நீயும் கூட்டுத்தான்."

"நான் பூவைத்தான் சொன்னன். ஆள் வருமெண்டு சொல்லேல்லை." அவள் பெட்டியைத் திறந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்தாள். திவசச் சோறு அன்றன்றைக்கே வேகவேண்டும் என்று அதைத் துவாய்களுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். "நாளைக்கு அவ கேட்டா நான் வாய் திறக்கமாட்டன். நீங்களே சொல்லுங்கோ அப்பா. ஒருக்கா எண்டாலும்."

"எனக்கு ஏலாது, பிள்ளை."

"எனக்கு மட்டும் ஏலுமே?"

(இந்த இடத்தில் அவள் அழுததாக முதலில் எழுதினேன். அவள் அழவில்லை. குக்கரின் வயரை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.)

4.

மறுநாள் பதினொன்றரைக்குத் துறவியின் அறையில் சோறு வெந்தது. கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றங்காயும் வீட்டிலிருந்து வந்தவை. முதல்நாள் புறப்படுமுன் சமைத்தவை. ஜெயமலர் மன்னிப்பாள், குறை சொல்லிவிட்டு. கூரையில் புகை பட்டால் அலறும் கருவி கண்சிமிட்டியதால் விளக்குக்குப் பதில் பற்றரியில் எரியும் மெழுகுதிரி. கட்டிலில் ஒரு பக்கத்து விரிப்பை நாங்கள் கலைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவளுடைய சேலையை வைத்து, முன்னால் சோற்றைப் படைத்தோம்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது.

5.

யதுசா இந்தப் பிரதியை வாசித்துவிட்டுச் சொன்னது: "ஹன்சன் மனிசியை நல்லவவாக்கிப் போட்டியள். அவ கறி மணத்துக்குத்தான் மேல வந்தவ."

இருக்கலாம். ஆனால் அவர் கையில் செவ்வந்தி இருந்தது. மூக்கைச் சுருக்கியபடியே, "உங்கள் மனைவி வந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

நான் எழுதிப்பார்த்த முடிவுகள்:

அ) அந்தச் சொல்லைச் சொல்கிறேன். அவர் என் கையைப் பிடிக்கிறார். (பிடிப்பாரா? சீட்டுச் செல்லாது என்று சொல்லவும் கூடும்.)

ஆ) "வந்திட்டா, சாப்பிடுறா" என்று பூவை வாங்கிக் கதவைச் சாத்துகிறேன். யதுசா பிறகு என்னோடு கதைக்கவில்லை.

இ) யதுசாவே சொல்லிவிடுகிறாள், இந்தத் தடவையும். நான்...

இல்லை. அதை எழுதமாட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், யதுசாவுக்கும் தெரியும். உங்களிடம் சொல்வதாக இல்லை. கதவு திறந்திருக்கிறது. மகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னுடைய இடத்தில் வந்து நின்று பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக, சோறு ஆறுகிறது.