சொல்லாத மாத்திரை

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். புவனா வாயைத் திறப்பதற்குள் மாமியார் வரலட்சுமி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க வூட்டுக்கு வர்றப்ப நல்லா திடமாத்தான் வந்தா."

பிரசவத்துக்குப் பிறகு புவனாவின் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். முதலில் அது கொஞ்சமும் கேட்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். இப்போது தலைகீழ். ஈறில் ரத்தம் கசிகிறது, அடிபடாமலே தொடையில் கன்றிப்போகிறது. டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்து டாக்டரின் முகமே மாறிவிட்டது.

புவனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் வராது. "கட்டிக்கப்போறவன்கிட்டகூட மூச்சு வுடாத" என்று அம்மா மணியம்மை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மாதாமாதம் மிளகாய்த்தூளுக்குள் புதைத்து மாத்திரையைக் கொண்டுவந்து கொடுப்பாள். வலிப்பு வந்த பெண்ணுக்குக் கையில் இரும்பு கொடுக்க ஊரே ஓடிவரும். கழுத்தில் தாலி கட்ட ஒருத்தன் வரமாட்டான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இவள் அறையிலேயே படுக்க ஆரம்பித்ததும், பயந்துபோய்ப் போன மாதம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு துரத்துவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தாயே இருக்கமாட்டாள்.

"சாப்ட்டுகினு இருந்தேன் சார். வலிப்பு மாத்திரை. போன மாசம் நிறுத்திட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாத்திரை இந்த ரத்த மாத்திரையோட வேலைய அமுக்கிடும்மா. அது தெரியாம நான் அளவ கூட்டிட்டேன். நீ அத நிறுத்தினதும், கூட்டினதெல்லாம் சேர்ந்து வேலை செய்யுது. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்ன ஆகறது?"

ரத்தக் கசிவு நிற்க ஊசி போட்டு, ரத்த மாத்திரையை நிறுத்திவைத்து, வலிப்பு மாத்திரையை மறுபடி எழுதிக்கொடுத்தார். நாளை மறுநாள் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார்.

வரலட்சுமி பஸ் ஸ்டாண்டில்தான் வெடித்தாள். "ஆத்தாளும் பொண்ணுமா சேந்து ஏமாத்திட்டீங்களேடி!"

"முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா அத்தை?"

வரலட்சுமிக்குக் கோபத்தைவிடப் பெரிய கவலை ஒன்று வந்திருந்தது. நாளைக்குச் சின்ன மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். "இது வெளிய தெரிஞ்சுது, உன்ன வூட்ல வச்சிக்க மாட்டேன்" என்றாள்.

ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறினால், நாளைக்குப் பார்க்கப்போகும் பெண்ணின் அம்மா கமலாவே உட்கார்ந்திருந்தாள்! சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தாள். புவனா தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாத்திரையைப் பிரித்தாள்.

"இன்னாம்மா மாத்திரை அது?"

"சத்து மாத்திரைங்க" என்றாள் வரலட்சுமி அவசரமாக.

"இல்லக்கா, வலிப்பு மாத்திரை" என்று சொல்லிவிட்டுப் புவனா அதை விழுங்கினாள்.

வரலட்சுமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கமலாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பஸ் கிளம்பியதும், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு புவனாவின் காதருகே குனிந்தாள்.

"எம் பொண்ணுக்கும் கீதும்மா. உங்க மாமியார்கிட்ட மட்டும் சொல்லிடாத."

"நீயே சொல்லிடுக்கா" என்றாள் புவனா, குரலைத் தாழ்த்தாமல்.