பிஸ்கோத்துல ஒரு பச்சைத் துண்டு

தவிட்டுப் பானைக்குப் பின்னால துடப்பத்த உட்டு இழுத்தப்ப கிலுக்குனு ஒரு சத்தம். குனிஞ்சி பாத்தா கண்ணாடி வளையல் துண்டு, பச்சக் கலரு. ஒண்ணு இல்ல, மூணு. யாரோ காலால ஒதுக்கித் தள்ளின மாதிரி செவுத்தோரமாக் கெடந்திச்சி. நான் அத பொறுக்கி தரையில வெச்சி, சும்மாத்தான், ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாத்தேன். வட்டம் வந்துட்டுது. கடைசியில கட்டவெரல் நகம் அகலத்துக்கு ஒரு எடம் மட்டும் மூடல. பானைய நகத்திப் பாத்தேன், முறத்தத் தூக்கிப் பாத்தேன், அடுப்புச் சாம்பல வாரி சல்லடையில சலிச்சிக்கூட பாத்தேன். இல்ல. துடப்பத்த அப்படியே கீழ போட்டுட்டேன். ஏன்னா நேத்து அதே எடத்துல குந்திக்கினுதான் என் நாத்தனா மரியசெல்வி பிஸ்கோத்துக்கு மாவு பெசஞ்சா.

மரியசெல்விக்கு அப்ப எட்டாம் மாசம். வளகாப்பு முடிச்சி பொறந்தவூட்டுக்கு, அதான் மரக்காணத்துல எங்க வூட்டுக்கு, இட்டாந்துட்டோம். ரெண்டு கையிலயும் பச்சையும் செவப்புமா அடுக்கி வெச்ச மாதிரி கண்ணாடி வளையல். புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாது, வயித்துல இருக்கற கொழந்தைக்கு அந்தச் சத்தம் கேக்கணும்பாங்க. நாங்க ஞாயித்துக்கெழமையானா பூசைக்குப் போற, மாதாவக் கும்புடுற சனம்தான். ஆனா இந்த விஷயத்துல எந்தச் சாமியார் சொன்னாலும் எங்க பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. வளகாப்பு வளையல் ஒடஞ்சா ஆவாதுன்னா ஆவாதுதான். அதுலயும் இவளுக்கு மொத புள்ள ஏழாம் மாசத்துலயே போயிட்டுது. அன்னிக்கி அவ மாமியா லூர்தம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு, "எங்க வூட்டு ராசிக்கு இந்த வயிறு ஒத்துக்கல"ன்னு சொன்னத என் காதால கேட்டேன். அழுவல, சத்தம் போடல. மீன் வெல சொல்ற மாதிரி சொன்னாங்க. மரியசெல்வியும் உள்ள படுத்துக்கினே அதக் கேட்டுட்டா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு மாமியா பேரக் கேட்டாலே புடவ மாராப்ப இழுத்து வயித்த மூடிக்கும்.

அந்த பிஸ்கோத்து நான் கொண்டாந்தது. கல்யாணத்துக்கு முன்னால குயிலாப்பாளையத்துல எங்க சித்தி வூட்டுல தங்கி, ஆரோவில்ல ஒரு இத்தாலிக்காரம்மாவுக்கு சமையல்ல ஒத்தாசையா இருந்தேன். அந்தம்மா மாவ தடியா, கட்ட மாதிரி உருட்டி ஒரு தரம் சுடும். வெந்து பாதி ஆறினதும் கத்தியால சாய்வா துண்டு போட்டு, படுக்க வெச்சி மறுபடியும் சுடும். கல்லு மாதிரி ஆயிடும். டீயில தொட்டாத்தான் பல்லு எறங்கும். அவங்க பாதாம் போடுவாங்க. பாதாமுக்கு நாம எங்க போறது? நான் வறுத்த வேர்க்கடலையும், பாண்டிச்சேரி பேக்கரியில நிறுத்துக் குடுக்கற ஒடஞ்ச பிஸ்கட்டும் போடுவேன். அதுல எல்லாம் கலந்து கெடக்கும், தேங்கா பிஸ்கட்டு, உப்பு பிஸ்கட்டு, நடுவுல க்ரீம் வெச்சதுன்னு. கையால நொறுக்கி மாவுல பெசஞ்சா, துண்டு போடறப்ப ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கலர்ல புள்ளி புள்ளியாத் தெரியும். சுடற பொட்டியும் நம்மகிட்ட ஏது? டேக்சா பாத்திரத்து அடியில கல்லுப்பு கொட்டி, அது மேல தட்டு வெச்சி, மூடி மேல நெருப்பு கங்கு போட்டு வேவ வெப்பேன். எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்.

ஞாயித்துக்கெழம மரியசெல்விய பாக்க அவ புருஷன் அருள்பிரகாசம் வந்திருந்தாரு. திரும்பிப் போறப்ப ஒரு டின்னு பிஸ்கோத்து குடுத்து உடலாம்னு பேச்சு. "எங்க வூட்டுக்குப் போறது அண்ணி, நானே பெசையறேன்"னு இவ குந்திட்டா. எங்க மாமியா ஆனந்தம்மாளும், "மாசமா இருக்கறவ சும்மா குந்தியிருந்தா புள்ளயும் உள்ளயே குந்திக்கும், செய்யட்டும் உடு"ன்னாங்க. திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கு அந்தத் தம்பி டின்னோட கெளம்பிட்டாரு.

அப்புறம்தான் நான் பெருக்குனது.

மரியசெல்வி கெணத்தாண்ட துணி அலசிக்கினு இருந்தா. கைய விரிச்சி துண்டுங்களக் காட்டினேன். மொதல்ல துண்டப் பாக்கல அவ, வாசப் பக்கம் அவங்க அம்மா இருக்காங்களான்னு பாத்தா.

"எப்ப ஒடஞ்சிது?"

"நேத்து. பெசையறப்ப டேக்சா விளிம்புல பட்டுச்சி அண்ணி."

"மிச்சம் எங்க?"

"வெளிய உழுந்தத எடுத்து ஒதுக்கிட்டேன்."

"உள்ள உழுந்தது?"

"உள்ள உழல. உழுந்திருந்தா கையில தட்டியிருக்காதா?"ன்னா. சொன்னாளா கேட்டாளான்னு எனக்கே வெளங்கல.

கையில என்னா தட்டும்? கடலையும் ஒடஞ்ச பிஸ்கட்டும் பெசஞ்ச மாவுல எல்லாந்தான் தட்டும். துண்டு போட்டது நானு. கத்தி எறங்கறப்ப நறுக் நறுக்குனுச்சி. கடலைன்னு நெனைச்சேன். கத்திக்குத் தெரியுமா எது கடல, எது கண்ணாடின்னு? வூட்டுக்குன்னு எடுத்து வெச்ச பிஸ்கோத்த எல்லாத்தயும் சுடுதண்ணியில போட்டுக் கரைச்சிப் பாத்தோம். ஒண்ணும் இல்ல. அப்ப டின்னுலதான் இருக்கணும். டின்னு போன வூட்டுல மூணு வயசுல பிலோமி இருக்கா. அருள்பிரகாசத்தோட அண்ணன் மவ. அப்பங்காரன் பட்டாளத்துல, அம்மாகாரி ரெண்டாவது பிரசவத்துக்குத் தாய்வூட்டுல. கையில எது குடுத்தாலும் வாயில போட்டுக்கற வயசு.

"அண்ணி, நீ போயி எப்படியாவது டின்ன வாங்கினு வந்துடு. எங்க மாமியாவுக்கு மட்டும் தெரிய வாணாம். தெரிஞ்சா இந்தப் புள்ளயத் தூக்கினு நான் அந்த வூட்டுப் படி ஏற முடியாது."

"கொழந்த திங்கற பொருளு செல்வி."

"தெரியுது. அதுக்கோசரந்தான் உன்ன போங்கறேன். சொல்லாத போ."

ஈரக் கையால வயித்தப் புடிச்சிக்கினு நின்னா. வளையல் சத்தம் கேக்கவே எனக்குப் பயமா இருந்திச்சி.

மாமியாகிட்ட திண்டிவனத்துல பல்லக் காட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். "எந்தப் பல்லு?"ன்னாங்க. எனக்கு வாயில எந்தப் பக்கம் காட்டறதுன்னே தெரியல. பஸ்ஸுல சன்னலோரம் எடம் கெடைச்சிது. அந்தப் பக்கம் உச்சி வெயில்ல பாத்தி பாத்தியா உப்பளம். என் வூட்டுக்காரரு சேவியர்ராஜ் அங்கதான் எங்கியோ வாரிக்கினு இருந்திருப்பாரு. தெனம் பாக்கற உப்புதான். அன்னிக்கி அது மின்னுன மின்னல்ல, பாத்தி முழுக்க யாரோ கண்ணாடிய நொறுக்கிக் கொட்டி வெச்சிருக்கற மாதிரி இருந்திச்சி. கண்ண மூடிக்கினேன். மூடினா பிலோமி வாயி தெரிஞ்சிது. டிரைவரு டீ குடிக்க நிறுத்தறாரு, ஆடு குறுக்க வருதுன்னு நிறுத்தறாரு. திண்டிவனத்துல எறங்கி, பாண்டிச்சேரி பஸ்ஸு மாறி, செல்வி வாக்கப்பட்ட கிளியனூர்ல எறங்கி, ஓட்டமும் நடையுமாப் போனேன்.

லூர்தம்மா கூடத்துல டீ டம்ளரோட குந்தியிருந்தாங்க. பக்கத்துல டின்னு. மூடி தெறந்திருந்திச்சி.

"வாம்மா. காலையில டின்னு வந்திச்சி, மத்தியானம் நீ வந்திருக்க. சாயங்காலம் உங்க மாமியாவும் வருவாங்களா?"

"பிஸ்கோத்துல உப்பு கூடிப்போச்சி அத்த. இத எடுத்துக்கினு போறேன், வேற செஞ்சி குடுத்து அனுப்பறேன்."

அவங்க டின்னுலேர்ந்து ஒண்ண எடுத்து டீயில தொட்டு, கடிச்சி, மெதுவா மென்னாங்க. நான் அவங்க தொண்டையவே பாத்துக்கினு நின்னேன். முழுங்கிட்டு, "சக்கரையாத்தான் இருக்குது. குடுத்தத திருப்பி வாங்கறது மரக்காணத்துல புதுசா வந்த பழக்கமா?"ன்னாங்க. "இல்ல அத்த, சில துண்டுல மட்டும்..."னு நான் இழுக்கறப்ப, பிலோமி உள்ளேர்ந்து வந்தா. ரெண்டு கையிலயும் பிஸ்கோத்து. ஒண்ணு பாதி தின்னது. வாயி நெறைய மாவு.

"ஆயா, இது கடக்கு முடக்குங்குது."

எனக்கு என்னா ஆச்சின்னு தெரியல. ஓடிப்போயி புள்ளயப் புடிச்சி வாயில வெரல உட்டுத் தோண்டிட்டேன். அவ வெரலக் கடிச்சிட்டு ஊரக் கூட்டற மாதிரி அழுவறா. லூர்தம்மா டம்ளர வெச்சிட்டு எழுந்தாங்க.

"ஏய், இன்னா பண்ற நீ?"

"மாவுல வளையல் துண்டு உழுந்திருக்குது அத்த. கண்ணாடி. என் வளையல்தான், பெசையறப்ப..."

அவங்க என் கையப் பாத்தாங்க. நானும் அப்பதான் பாத்தேன். ரெண்டு கையிலயும் ரப்பர் வளையல். கல்யாணமான புதுசுலேர்ந்து அதான் போட்டுக்கினு இருந்தேன், உப்பு வாரப் போற கைக்கு அதான் தாங்கும். லூர்தம்மா ரொம்ப நேரம் அந்த வளையலையே பாத்தாங்க. அப்புறம் எழுந்தப்போ இருந்த சத்தம் இல்லாம கேட்டாங்க.

"பச்சையா, செவப்பா?"

"பச்ச."

வளகாப்பு அன்னிக்கி மொத ஜோடிய மரியசெல்வி கையில ஏத்தினது லூர்தம்மாதான். பச்ச ஜோடி.

போயி வாசக் கதவச் சாத்தித் தாப்பா போட்டாங்க. உள்ளேர்ந்து பித்தள அண்டாவ இழுத்தாந்து டின்ன அதுல கவுத்தாங்க. பிலோமி கையில இருந்ததையும் புடுங்கிப் போட்டாங்க. சுடுதண்ணி ஊத்தினோம். ரெண்டு தரம் சுட்டது, லேசுல கரையுமா? ஊறி ஊறி, கூழு மாதிரி ஆனதும் ரெண்டு பேரும் எதுத்தாப்புல குந்தி கைய உட்டுத் தடவினோம். கடல தட்டும், வெளிய எடுப்போம். ஒடஞ்ச பிஸ்கட்டுல ஒரு முறுகல் தட்டும், வெளிய எடுப்போம். ஒவ்வொரு தரமும் கண்ணாடியா இருக்கணுமே மாதாவேன்னு வேண்டிக்கினேன். வாழ்க்கையில கண்ணாடி வேணும்னு வேண்டினது அன்னிக்கித்தான். கூழுக்குள்ள அவங்க வெரலு என் வெரலுல இடிச்சிது. எடுக்கல ரெண்டு பேரும்.

"கையில கீறிச்சா அதுக்கு?"ன்னாங்க, கூழப் பாத்துக்கினே.

"இல்ல அத்த, கீறல."

சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சிது. யாருக்குன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. பதில் சொல்லிட்டேன். நிமுந்து அவங்க மூஞ்சப் பாத்தேன். கேட்டது அக்கறையிலயா, ரத்தம் வந்துதா சகுனம் எவ்ளோ கெட்டுதுன்னு பாக்கறதுக்கான்னு ஒரு குறிப்பும் இல்ல. தடவிக்கினே இருந்தாங்க.

துண்டு கெடைக்கல. கூழ மெல்லிசுத் துணியில வடிகட்டிப் பாத்தோம், துணிய வெளிச்சத்துல விரிச்சிப் பாத்தோம். இல்ல.

"எத்தினி தின்னா அத்த?"

"நான் என்னா எண்ணியா குடுத்தேன்? வந்ததுலேர்ந்து டின்னாண்டதான் இருந்தா."

"பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு தூக்கினு போயிடலாமா?"

"போயி? முழுங்கினாளா இல்லையான்னே தெரியாது. இப்ப வலியில்ல, வாந்தியில்ல. ராத்திரி ஒரு முனகல் முனகினான்னாலும் தூக்கினு ஓடறேன். அருளு ரெண்டு ஷிப்டும் பாத்துட்டு காலையிலதான் மில்லுலேர்ந்து வருவான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆஸ்பத்திரின்னு போனா அவனுக்குச் சொல்லணும். எப்படி உழுந்துச்சின்னு கேப்பான்"னாங்க.

வாழப்பழத்த மசிச்சி, சோத்த உருண்ட புடிச்சி பிலோமிக்கு ஊட்டினோம். வயித்துல கண்ணாடி இருந்தாலும் சோறு சுத்திக்கினு கூட்டியாந்துடும்னு லூர்தம்மா சொன்னாங்க. தனக்கும் ஒரு உருண்ட புடிச்சி முழுங்கினாங்க. அவங்களும் தின்னவங்கதானே. எனக்கு அது மறந்தே போயிருந்திச்சி. கடைசி பஸ்ஸு போறது கேட்டுது. நான் எழுந்துக்கல. புள்ள தூங்கினப்புறம் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கினு அவ வயித்து மேல கைய வெச்சிக்கினோம். வயிறு ஏறி எறங்கறத தவிர வேற ஒண்ணும் தெரியல.

விடிஞ்சதும் பிலோமிய கொல்லப் பக்கம் முருங்க மரத்தாண்ட குந்த வெச்சோம். லூர்தம்மா கையில வெளக்கமாத்துக் குச்சி ஒண்ணு. நான் சொம்பு தண்ணியோட. புள்ள எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

"ஆயா, நீ போ. அத்தையும் போவட்டும். பாத்தா வராது."

"பாக்கல கண்ணு"ன்னு மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கினோம். நவுரல. வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம். அருள்பிரகாசம் உள்ள வந்து, வூட்டுல யாரையும் காணாம கொல்லக் கதவாண்டயே வந்துட்டாரு. என்னைப் பாத்ததும் மூஞ்சி மாறிட்டுது.

"நீங்க எப்ப வந்தீங்க? செல்விக்கு எதுனா ஆச்சா?"

நான் லூர்தம்மாவப் பாத்தேன். அவங்க குச்சிய முந்தானைக்குள்ள மறைச்சிக்கினாங்க.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ உள்ள போ. அப்புறம் சொல்றேன்."

என்னா சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரியல. அவரு போவாம அங்கியே நிக்கறாரு. முருங்க மரத்தடியில பிலோமி ஒரு புல்லப் புடுங்கி ரெண்டா கிழிச்சா. இன்னொண்ணு புடுங்கினா. அப்புறம் புல்ல உட்டுட்டு ரெண்டு கையாலயும் முட்டியக் கட்டிக்கினா. மூஞ்சி செவந்துச்சி. மூச்சப் புடிச்சா. லூர்தம்மாவும் புடிச்சாங்க, நானும் புடிச்சேன்.