சூளைமேட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

சாட்டிலைட் படத்தில் மேடு பள்ளத்தையும் மண்ணின் நிறத்தையும் அலசி, தாழி புதைத்த பழைய இடுகாடு எங்கே இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் சிவப்புப் புள்ளி வைக்கும். நேரில் போய்ப் பார்த்து, உண்டா இல்லையா என்று டேப்லெட்டில் பதிய வேண்டியவர்கள் எஸ்தரும் அசீமும். அவர்கள் பதிவதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மேற்கொண்டு கற்றுக்கொள்ளும். அன்றைக்குக் கடைசிப் புள்ளி மதுரைப் பக்கம் சமயநல்லூருக்கு மேற்கே.

காரை விட்டு இறங்கியதும் எஸ்தர் கருவேலங்காட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தாள்.

"போனைப் பாக்காமலே போற. வழி தெரியுமா?" என்றான் அசீம்.

"இங்கதான் வளந்தேன்."

"சுடுகாட்டுலயா?"

"செங்கச் சூளையில. படத்துல பாத்தப்பவே எங்க சூளையோன்னு சந்தேகம். மேட்டைப் பாத்ததும் போயிருச்சு."

சூளை எரிந்த இடம் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அந்தச் சுட்ட மண்ணும் மழையில் கரைந்து உருண்டுபோன மேடும்தான் கம்ப்யூட்டரை ஏமாற்றியிருக்கின்றன. அப்போதெல்லாம் எஸ்தரின் அம்மா அற்புதமேரி விடியுமுன்பே செங்கல் அறுக்க உட்காருவாள். பச்சைக் கல் வெயிலில் காய எஸ்தர் திருப்பித் திருப்பி வைப்பாள். உள்ளங்கைத் தோல் உரிந்துபோகும். அதில் சுகம் ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலமானால், மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் அம்மா அவளைக் கழுத்து வரை முக்கி எடுப்பாள். அந்தக் குளிர்ச்சி இன்னும் முதுகில் இருந்தது. அந்தக் காலத்தில் அம்மா சிரித்தது அந்தப் பள்ளத்துக்குள் மட்டும்தான்.

மேட்டைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்கள் நட்டிருந்தார்கள். ஓரத்தில் ஜேசிபி நின்றது.

அசீம் டேப்லெட்டை நீட்டினான். "உண்டுன்னு போட்டா, தோண்டிப் பாக்குற வரைக்கும் எவனும் இதுல கை வைக்க முடியாது. நான் ஒண்ணும் கேக்கல. நீயே அமுக்கு."

விரல் திரைக்கு மேலேயே நின்றது. அவள் வில்லாபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நம்ம சூளையில நிக்கிறேன். பிளாட் போடப் போறாங்க. நான் நெனச்சா நிறுத்தலாம்."

"எதுக்கு நிறுத்த? இன்னொருத்தி வந்து கல் அறுக்கவா?"

"இப்படியே கெடக்கட்டும்னு தோணுதும்மா."

"கெடந்தா என் இடுப்பு வலி போயிருமா? போடி. ஆமா, அந்தப் பள்ளத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்கும்மா."

"எம்புட்டு?"

"முழங்காலுக்கு இருக்கும்."

"அம்புட்டுத்தானா. சரி, வரும்போது முழுக் கல்லா ரெண்டு எடுத்துட்டு வா. பின்வாசல் படி ஆடுது," என்றாள்.

எஸ்தர் 'இல்லை'யை அமுக்கினாள்.

"நாம பொய் சொல்லிக் குடுத்தா, இந்த மிஷினு மதுரையைச் சுத்தி இருக்குற அம்புட்டுச் சூளையையும் சுடுகாடாக்கிப்புடும்," என்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்புறம் குனிந்து ஒரு கட்டையால் மேட்டைக் கிளறினாள். முதலில் வந்தது அரைக் கல். அதைப் போட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கமாகச் சரிவில் இறங்கித் தேடினாள். அசீம் போய்க் காரின் டிக்கியைத் திறந்து வைத்தான்.