கிளாஸவ் ஊர் ஜப்பான்காரன்

ரஷ்யாவின் கிளாஸவ் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே சோயா அம்மாளின் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் பீட்ரூட் போட்ட போர்ஷ் சூப், கட்லெட், உருளைக்கிழங்கு மசியல், மறுபக்கம் சோறும் மீனும் சேர்த்துச் செய்யும் ஜப்பான் சுஷி. வாசல் பலகையில் ‘அசல் ஜப்பான் சமையல்காரர்’ என்று கொட்டை எழுத்து.

அந்த அசல் ஜப்பான்காரன் பாயார்தான். சைபீரியாவில் பைக்கால் ஏரிப் பக்கத்துக்காரன், மங்கோலிய முகச்சாயல் கொண்ட ‘புரியாத்’ இனத்தவன். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. வேலை கேட்டு வந்த அன்றே அவன் முகத்தைப் பார்த்த சோயா, “இது போதும்” என்று சட்டையில் ‘கென்ஜி’ என்ற பெயர் அட்டையைக் குத்திவிட்டாள். குட்டு உடைந்தால் கூட்டமெல்லாம் புதிதாகத் திறந்த மூலைக்கடைக்குப் போய்விடும். அவளுக்குக் கடை போகும், அவனுக்கு வேலை போகும்.

அன்று மதியம் முதுகுப்பையோடு ஒரு பெண்மணி வந்தார். பையில் ஜப்பான் கொடி தைத்திருந்தது. சூப்பை விரலால் காட்டினார், கட்லெட்டைக் காட்டினார், கடைசியில் சுஷியையும் காட்டினார்.

தினமும் வந்து ஒரே வகை சுஷியைத் தின்னும் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் புரோகோர் துள்ளி எழுந்தார்.

“டேய் கென்ஜி! உங்க ஊர்க்காரம்மா வந்திருக்காங்கடா! வந்து ரெண்டு வார்த்தை பேசு, நாங்களும் கேக்கிறோம்.”

கடையே திரும்பிப் பார்த்தது. சோயா அடுப்படிக்குள் ஓடிவந்தாள்.

“ஏதாவது பேசிடுடா கண்ணா.”

“என்னத்தைப் பேச, சோயா அத்தை? எனக்கு ரஷ்யனும் புரியாத்தும்தான் தெரியும்.”

“புரியாத்தையே பேசு. இங்க யாருக்குத் தெரியப்போகுது?”

“அது ஜப்பான் பாஷை இல்லைன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமே!”

சோயா அவன் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். மேஜை முன்னால் போய் நின்ற பாயார், வாயில் வந்ததைத் தன் மொழியில் சொன்னான். “அம்மா, என் பேர் பாயார். இங்க எல்லாருக்கும் சீஸ் பிடிக்கும், அதான் சுஷியிலயும் வெச்சேன். மன்னிச்சுக்குங்க.”

சூப்புக் கிண்ணத்தை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து, குனிந்து வணங்கி, ஜப்பான் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னடா சொல்றாங்க?” என்றார் புரோகோர்.

“சூப்பு பிரமாதமாம்,” என்று உளறிவைத்தான் பாயார்.

“ஆமாம், அதைத்தான் சொன்னேன்,” என்றார் பெண்மணி, நிதானமான ரஷ்ய மொழியில். “பயணத்துக்காக ரஷ்யன் படிச்சேன், சாப்பாட்டுப் பேருங்கதான் தெரியாது. சுஷி... இது சுஷி இல்லை, தம்பி. எங்க வீட்டுக்காரர் பார்த்தா அழுதுடுவார். ஆனா ருசியா இருக்கு. இன்னொரு தட்டு குடுங்க. ஆமா, நீங்க பேசினது என்ன பாஷை?”

சோயா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“புரியாத்,” என்றான் பாயார். “நான் ஜப்பான்காரன் இல்லை. பைக்கால் பக்கம்.”

எல்லோரும் புரோகோரைப் பார்த்தார்கள். அவர் தன் தட்டைப் பார்த்தார்.

“அடப்பாவி! என் பொண்டாட்டியும் அந்தப் பக்கம்தான்டா! முதல்லயே சொல்லக்கூடாதா? சீஸ் பத்தலைன்னு இத்தனை நாளா தவிக்கிறேன். ஜப்பான்காரன் கோவிச்சுக்குவானோன்னு வாயை மூடிக்கிட்டு தின்னேன்!”

“அப்போ நானும் கேக்கலாமா? கொஞ்சம் மயோனைஸ்?” என்றது ஜன்னலோரக் குரல்.

“எனக்கு வறுத்த வெங்காயம்!”

சோயா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். கூட்டம் கலையவில்லை, கல்லாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பெயர் அட்டையைக் கழற்றி, பின்பக்கம் ‘பாயார்’ என்று எழுதி, அவன் சட்டையில் மறுபடி குத்தினாள்.

பாயார் அடுப்படிக்குத் திரும்பி வெள்ளரிக்காய் நறுக்கத் தொடங்கினான்.

“பாயார், சீஸ்!” என்றார் புரோகோர். அவன் நறுக்கிக்கொண்டே இருந்தான்.

“பாயார்!” பதில் இல்லை.

“டேய் கென்ஜி!”

“இதோ வந்துட்டேன் மாமா!”