காதை அடைத்த ஐந்தருவி

போட்டி தொடங்கப் போகிற நேரத்தில் எந்த மனுஷனாவது அருவியில் போய்த் தலையைக் கொடுப்பானா? கிங்ஸ்லி அண்ணாச்சி கொடுத்தார். சீசன் நேரம், சாரல் வேறு. லாட்ஜ் மொட்டைமாடி அறை வரைக்கும் ஐந்தருவியின் இரைச்சல் வந்து வா வா என்கிறது. "தலைய மட்டும் காட்டிட்டு ஓடியாந்துருதேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், இரண்டு காதும் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

முத்துசெல்விக்கு வந்ததே கோபம்! புள்ளியும் கோடுமாக ரேடியோவில் பேசுகிற மோர்ஸ் போட்டி, வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை தந்திக் கீயைத் தட்டித் தட்டி எத்தனை ஊர் ரேடியோக்காரர்களைப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஒரே ஆளை மணிக்கு ஒருமுறைதான் பிடிக்கலாம். பிடித்த ஒவ்வொருவருக்கும் அவர் நமக்கு எத்தனையாவது ஆள் என்கிற வரிசை நம்பரைச் சொல்ல வேண்டும், அவர்களுடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். எதிராளி நம்பரைச் சொன்ன மாத்திரத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். அந்த நம்பரில்தான் தென்காசி கிளப் மூன்று வருஷமாக நாகர்கோவில் கிளப்பிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த மூன்று வருஷமும் கீயில் கிங்ஸ்லி, பக்கத்தில் கம்ப்யூட்டரில் கணக்கை டைப் அடிப்பவள் முத்துசெல்வி. அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, கையும் உண்டு. ஆனால் கேட்கும்போதெல்லாம், "உனக்கு இன்னும் வேகம் பத்தாதும்மா" என்பார். ஒருமுறையாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்ற நிலையைத் தாண்டி வெறியாகவே ஆகியிருந்தது.

"ஒத்தக் கால்ல குதிங்க அண்ணாச்சி, தண்ணி வந்துரும்" என்றான் சுடலைராஜ். ஆன்டெனா கம்பியும் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. வேலையில் போலீஸ்காரன், இன்றைக்கு லீவு. கிங்ஸ்லி குதித்தார், தலையைச் சாய்த்துத் தட்டினார், துண்டு நுனியைத் திரித்துக் காதில் விட்டுப் பார்த்தார். தண்ணீர் வந்தபாடில்லை. ஆனாலும் மனுஷர் வீம்புக்குப் போய்க் கீயில் உட்கார்ந்துவிட்டார்.

காணச் சகிக்கிற காட்சியா அது! தென்காசி புது மாவட்டம் என்பதால் அதன் பெயரைச் சொன்னாலே பிடிக்க ஆட்கள் மொய்ப்பார்கள். மொய்த்தவர்களிடம் இவர் "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்று தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். அரைமணி நேரத்தில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். அப்போது பார்த்து நாகர்கோவில் கிளப்பின் அருமைநாயகம் ரேடியோவில் வந்தார். அவருடைய நம்பர் முப்பத்தெட்டு. அதோடு விட்டாரா? இவர் திரும்பத் திரும்பக் கேட்பதிலேயே விஷயத்தை ஊகித்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினார்: "குளிச்சாச்சா?"

கம்ப்யூட்டரில் அதைப் படித்துச் சுடலைராஜ் சிரித்துவிட்டான். முத்துசெல்வி சிரிக்கவில்லை.

"எந்திரிங்க அண்ணாச்சி."

"உனக்கு வேகம் பத்தாதும்மா."

"உங்களுக்குக் காதே இல்லயே!"

கிங்ஸ்லி எழுந்தார். சுடலைராஜ் டைப் அடிக்க உட்கார்ந்தான்.

முத்துசெல்வி ஹெட்போனை மாட்டினாள். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் டிட்டும் டாவுமாகக் கத்துகிறார்கள். இவ்வளவு நாளும் ஓரமாக உட்கார்ந்து கேட்ட சத்தம்தான், ஆனால் இப்போது எல்லாம் அவளைப் பார்த்துக் கூப்பிடுகிறது. முதல் ஆளின் அடையாள எழுத்துகளைத் தப்பாக வாங்கினாள். இரண்டாம் ஆள் ஓடியே போய்விட்டான். பின்னால் கிங்ஸ்லி உச்சுக்கொட்டினார். இன்றைக்குக் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் டைப் அடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

எல்லோரையும் கேட்கப் பார்ப்பது யார் குற்றம்? நம் குற்றம்தான் என்று பட்டது அவளுக்கு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவின் கமிஷன் கடையை அவள்தான் நடத்துகிறாள். தக்காளி ஏலத்தில் இருபது பேர் கத்தும்போது எல்லோரையுமா கேட்கிறாள்? ஒரு குரலைப் பிடித்து, "ஏ நீலச் சட்டை, நீரு சொல்லும்" என்பாள். மற்றவர்கள் தன்னால் வாயை மூடுவார்கள். இங்கும் அதையே செய்தாள். கூட்டத்தில் ஒருவனுடைய அடையாளத்தின் கடைசி எழுத்து மட்டும் காதில் விழுந்தது. அந்த எழுத்தைத் திருப்பித் தட்டினாள். கப்சிப். அவன் ஒருவன் மட்டும் பேசினான். நம்பரைக் கொடுத்து, வாங்கி, அனுப்பிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவினாள்.

அதன் பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! கொழும்பு, கொல்லம், கல்கத்தா, பேர் தெரியாத ஏதோ ஒரு தீவு. சுடலைராஜுக்கு டைப் அடித்து விரல் ஒடிந்தது. "யக்கா, மெதுவா யக்கா" என்று கெஞ்சினான். "மெதுவான்னா வீட்டுக்குப் போலே" என்றாள். அடுத்த மணி நேரத்தில் அருமைநாயகம் வந்தபோது இடைவெளி பதினேழாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை ஆறு. அவர் இப்போது கேலி எதுவும் தட்டவில்லை.

ஐந்தரை மணிக்கு மேல் இருக்கும். "கேக்குது!" என்று ஒரு கூப்பாடு. கிங்ஸ்லி கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த மாதிரி சிரித்தார். "ஒரு காது தெறந்துட்டு! ஏம்மா, எந்திரி. இனி நான் பாத்துக்கிடுதேன்."

சுடலைராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முத்துசெல்வியின் கை நிற்கவில்லை. அண்ணாச்சி தன்னைவிட வேகம் என்பது அவளுக்குத் தெரியும். பொய்யாகக்கூட இல்லையென்று சொல்ல முடியாது. எழுந்தால் கிளப் ஜெயிக்கலாம். ஜெயித்தால், கடைசி நேரத்தில் கிங்ஸ்லி வந்து காப்பாற்றினார் என்றுதான் ஊர் சொல்லும்.

"ஏலம் நடக்கும்போது நான் எந்திரிக்க மாட்டேன், அண்ணாச்சி. தோத்தா செல்வியால தோத்தோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிடுங்க. ஜெயிச்சாலும் அப்படியே சொல்லணும்."

கிங்ஸ்லிக்கு முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு ஹெட்போனைத் திறந்த காதில் வைத்துக் கேட்டார். இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒருவன் ஈனசுரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "அங்கன ஒருத்தன்..." என்று அவர் தொடங்குவதற்குள் அவள் அவனைப் பிடித்து, நம்பர் வாங்கி, அனுப்பியும்விட்டாள். கிங்ஸ்லி சுடலைராஜின் தோளைத் தட்டினார். "நீ எந்திரிலே. இவ வேகத்துக்கு உன் டைப்பு தாங்காது." தாமே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார்.

கடைசி நிமிடங்கள். அவள் தட்ட, அவர் அடிக்க, நம்பர் ஏறிக்கொண்டே போனது. மணி ஆறு. கையை எடுத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அருமைநாயகம் உடனே கூப்பிட்டார். "உங்கள் கடைசி நம்பர் என்ன?"

நூற்று எழுபத்து நான்கு என்று தட்டினாள். பாவி மனுஷன், தன் நம்பரைச் சொல்லித் தொலைத்தால் என்ன? பிறகு மெதுவாக வந்தது: நூற்று எழுபத்திரண்டு.

சுடலைராஜ் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து லாட்ஜ்காரர் ஓடி வந்தார். கிங்ஸ்லி தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். முத்துசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழக்கூட மறந்துபோனாள்.

கீயில் இருப்பது யார் என்று தெரியாத அருமைநாயகம் மறுபடியும் தட்டினார். "பிரமாதம் கிங்ஸ்லி. இன்றைக்கு என்ன வேகம், என்ன வேகம்!"

முத்துசெல்வி கீயிலிருந்து கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

கிங்ஸ்லியும் அதைக் கேட்டிருந்தார். அரைச் செவிடு ஆன மனுஷர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? நான் இல்லன்னு சொல்லு. உன் பேரச் சொல்லு. முழுப் பேரையும் சொல்லு!"

தட்டத் தொடங்கினாள். அத்தனை பேரை விரட்டி விரட்டிப் பிடித்த கை, சொந்தப் பெயரின் நடுவில் பிசகிவிட்டது. தப்பு என்று சொல்லும் எட்டுப் புள்ளிகளைத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். நாகர்கோவில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.