இடதுபக்கத்து ஆள்

நாலு கை வாசிப்புக்கான இசைப் புத்தகத்தை விரித்தால் இடதுபக்கம் ஒருவருக்கு, வலதுபக்கம் இன்னொருவருக்கு. ஒரே பியானோ, ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலி. பாட்டெல்லாம் வலதுபக்கம் உட்கார்ந்தவருக்குப் போய்விடும். இடதுபக்கத்து ஆள் கீழே தும் தும் என்று தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சென்ஸி பதினாறு வயதிலிருந்து இடதுபக்கத்து ஆள். வலதுபக்கம் அவள் அக்கா ஒட்டிலி.

அந்தக் காலத்து ஆஸ்திரியாவில், கிராட்ஸ் ஊரில், பெரிய வாத்தியக் குழு வருஷத்துக்கு நாலைந்து தடவை மேடையேறினால் அதிகம். அதுவரைக்கும் யார் காத்திருப்பது? ஊரில் பியானோ இருக்கிற வீடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிம்பொனியை நாலு கையாலேயே வாசித்துத் தீர்த்துவிடும். சென்ஸியும் ஒட்டிலியும் ஹைடனை முடித்தார்கள், பீத்தோவனை முடித்தார்கள், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒட்டிலி, மூன்று பிள்ளைகளோடு மனைவியை இழந்து நின்ற ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு ட்ரியஸ்டுக்கு ரயிலேறிப் போனாள்.

அது நடந்து இரண்டு வருஷம். சென்ஸிக்கு இப்போது முப்பத்தெட்டு. வாரம் முழுக்கக் கையுறைக் கடையில் தையல். ஞாயிற்றுக்கிழமை பியானோவின் முன்னால் இடது நாற்காலியில் உட்கார்ந்து, இடதுபக்கத்தை மட்டும் வாசிப்பாள். தும் தும். வலதுபக்கத்துக்கு மட்டுமான நாலு தாளக் கட்டம் சும்மா இருப்பாள். மறுபடி தும் தும். கீழ்வீட்டுக்காரி ஒருநாள் மாடிப்படியில் மறித்துக் கேட்டேவிட்டாள்.

"கோவிச்சுக்காதம்மா, தெரியாமத்தான் கேக்கறேன். அந்தப் பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?"

சென்ஸி சிரித்துவைத்தாள். மேலே வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன வாரம் ஒட்டிலியிடமிருந்து கடிதம். நாலாவது குழந்தை வரப்போகிறது, ஒத்தாசைக்கு ஆளில்லை, நீ அங்கே தனியாக என்ன பண்ணப்போகிறாய், இங்கேயே வந்து இருந்துவிடு. சென்ஸி சரி என்று எழுதிவிட்டாள். மாசக் கடைசியில் ரயில். பியானோவை விலைக்குக் கேட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். அவளுக்குப் போவதில் வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியை, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, முதலிலிருந்து கடைசிவரைக்கும் வாசித்துவிட வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

அந்த ஆள் யாரென்றும் அவள் முடிவுபண்ணி வைத்திருந்தாள். பேர்தான் தெரியாது.

ஹோல்ட்ஸர் அம்மாவின் கடையில் இசைப் புத்தகம் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று மாதமாக அவள் எடுத்து வருகிற ஒவ்வொரு புத்தகத்திலும் வலதுபக்கம் பென்சில் எழுத்து. எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று ஒன்று, மூன்று, ஐந்து எனப் பொடிப்பொடியாக எண்கள். இடதுபக்கம் ஒரு கீறல் கிடையாது. யாரோ வலதுபக்கத்தை மட்டும் வாசிக்கிறார்கள்! தன்னை மாதிரியே தனியாக! எவ்வளவு பொறுமையான ஆளாக இருந்தால் ஒரு ஸ்வரம் விடாமல் விரல் குறித்திருப்பார்! ஒட்டிலி வாழ்நாளில் ஒரு எண்ணும் எழுதினதில்லை, தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு ஓடுவாள். இந்த ஆள் எதையும் யோசித்துத்தான் செய்வார். சென்ஸி சில ஞாயிற்றுக்கிழமைகளில் வலது நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவாள். ஒட்டிலியைவிட அவருக்குத் தோள் அகலமாக இருக்கலாம் அல்லவா?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்விட்டாள்.

"எனக்கு முன்னாடி இதை எடுத்தது யாரும்மா?"

ஹோல்ட்ஸர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஏன், கிழிச்சிருக்காங்களா?"

"இல்ல. எழுதியிருக்காங்க."

"எழுதக் கூடாதுன்னு செவுத்துல இத்தாம் பெருசா ஒட்டியிருக்கேன். எவன் படிக்கறான்? குடு, ரொட்டித் துண்டால தேச்சு அழிச்சிடறேன்."

"ஐயோ, அழிச்சிடாதீங்க!"

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஹோல்ட்ஸர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஓ. கதை அப்படிப் போவுதா."

"ஒரு கதையும் இல்லம்மா. கூட வாசிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். நான்தான் ஊரை விட்டே போறேனே, ட்ரியஸ்டுக்கு."

"வாடகைக்கு எடுக்கறவங்க பேரை நான் யாருக்கும் சொல்றதில்ல பொண்ணே. என் புருஷன் காலத்துலேருந்து அதான் வழக்கம்." கொஞ்சநேரம் மேஜையைத் துடைத்தாள். "ஆனா வியாழக்கிழமை நாலு மணிக்கு இந்தக் கடையில யாராவது நின்னாங்கன்னா, வெளிய போன்னு நான் சொல்லமாட்டேன். உள்ரூம்ல பியானோ இருக்கு. நானும் இருப்பேன். பின்னி முடிக்கவேண்டிய காலுறை கெடக்கு."

வியாழக்கிழமை சென்ஸி கையுறைக் கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாலடித்து ஐந்து நிமிஷத்தில் அவர் வந்தார். நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர், காயெத்தான் ப்ராஷ் என்று பேர். ஐம்பது வயதிருக்கும். தோள் அகலமெல்லாம் இல்லை. சட்டைக் கையில் நீல மை. ஹோல்ட்ஸர் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ப்ராஷ் ஐயா, இவங்களும் நீங்க எடுக்கற அதே புத்தகத்தைத்தான் எடுக்கறாங்க. இவங்களும் தனிதான். ட்ரியஸ்டுக்கு வேற போகப்போறாங்க. நாலு கை வாசிக்க ஆளில்லாம தவிக்கறாங்க. உங்களுக்கு இஷ்டமா?"

அவர் முகம் காதுவரைக்கும் சிவந்தது. "இஷ்டமாவா... ஒன்றரை வருஷமாச்சுங்க. கூட வாசிச்ச என் சிநேகிதன் லெம்பெர்குக்கு மாத்தலாகிப் போயிட்டான். அதுலேருந்து யாரும் இல்ல."

உள்ளே இரண்டு நாற்காலி போட்டிருந்தது. சென்ஸி புத்தகத்தை விரித்து நிறுத்தினாள். திரும்பி இடது நாற்காலிமேல் கை வைத்தாள். அதே நாற்காலிமேல் அவர் கையும் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் அவர். "நீங்க அந்தப் பக்கம்..."

"இல்ல இல்ல. நான் இந்தப் பக்கம்தான். நீங்கதானே வலதுபக்கம்?"

"நானா? நான் சின்ன வயசுலேருந்தே இடதுபக்கம்ங்க."

"அப்ப அந்த நம்பரெல்லாம்? வலதுபக்கம் பூரா விரல் நம்பர் போட்டிருக்கீங்களே?"

ப்ராஷ் தன் சட்டைக் கை மையைத் தேய்த்தார். அது போகிற மை இல்லை. "வராததுனாலதாங்க போட்டேன். எவ்வளவு நாள்தான் தும் தும்னு அடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறது? பாட்டையே கத்துக்கிட்டா யாரும் தேவையில்லையேன்னு பார்த்தேன். விரல் ஓட மாட்டேங்குது. அதான் ஒவ்வொண்ணுத்துக்கும் எழுதி எழுதி..."

சென்ஸி புத்தகத்தைப் பார்த்தாள். அதே பொடி எழுத்து. நன்றாக வாசிக்கிற எந்த மனுஷன் ஒரு ஸ்வரம் விடாமல் விரல் குறிப்பான்? ஒட்டிலி ஏன் ஒன்றுகூட எழுதவில்லை? குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். மூன்று மாதமாக அவள்தான் கண்டுபிடிக்கவில்லை.

அறைக் கோடியில் ஹோல்ட்ஸர் அம்மா கையிலிருந்த காலுறையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ரெண்டு பேரும் அடித்தளம். வீட்டை யாரு கட்டறது?"

அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஊசியைப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் வரும் உங்களுக்கு?" என்றாள் சென்ஸி.

"இதுலயா? பதினாறு கட்டம்."

"மொத்தம் எரநூத்துச் சொச்சம் இருக்கு."

"தெரியும். எண்ணியிருக்கேன்."

அவர் வலது நாற்காலியில், வேறு யாருடைய இடத்திலோ உட்காருகிற மாதிரி, விளிம்பில் உட்கார்ந்தார். சென்ஸி கீழே முதல் இரண்டு கட்டத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது கட்டத்தில் பாட்டு வந்தது. நொண்டிக்கொண்டுதான் வந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கு முன்னாலும் அவர் எண்ணைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பிறகு கட்டையைத் தொட்டார். சென்ஸி தன் கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றாள். ஒட்டிலியோடு வாசித்த காலமெல்லாம் அவள் பின்னால் ஓடியதுதான். இப்படி நிற்கவும் முடியும் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. ஒன்பதாவது கட்டத்தில் அவருடைய இடது முழங்கை அவளுடைய வலது முழங்கைமேல் இடித்தது. இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

பதினாறாவது கட்டம் முடிந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதாங்க."

சென்ஸி நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பதினேழு, பதினெட்டு என்று தன் பக்கத்தை வாசித்துக்கொண்டே போனாள். ப்ராஷ் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தின் கடைசி வரி வந்தபோது அவள் பழக்கத்தில் கையைத் தூக்கினாள். நாலு கை வாசிப்பில் பெடல் மிதிப்பதும் தாள் புரட்டுவதும் பெரும்பாலும் இடதுபக்கத்து ஆள் தலையில்தான் விழும். ஆனால் அவள் கை போவதற்கு முன்னாலேயே அவர் எழுந்து, குனிந்து, தாளைப் புரட்டினார். சரியான இடத்தில். ஒரு மூச்சு முன்னதாக. எப்போது புரட்ட வேண்டும் என்று இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

கடைசிவரைக்கும் அவள் வாசித்தாள், அவர் புரட்டினார். அறையில் தும் தும் மட்டும்தான் கேட்டது. பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். யார் வாயிலிருந்தும் அது வரவில்லை.

முடிந்ததும் ஹோல்ட்ஸர் அம்மா காலுறையைச் சுருட்டிக்கொண்டு கடைப்பக்கம் எழுந்து போனாள்.

"ட்ரியஸ்ட்ல பியானோ இருக்குங்களா?" என்று கேட்டார் ப்ராஷ்.

"இருக்கு. அக்கா அதுமேலதான் துணி மடிச்சு வெக்கிறாளாம்."

"ஓ." அவர் தொப்பியை எடுத்துக் கையில் சுற்றினார். "எப்ப போறீங்க?"

"இந்த வியாழன் போச்சு. இன்னும் ரெண்டு வியாழன் இருக்கு."

அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. "ராத்திரி பகலா ஒக்காந்தாலும் அடுத்த வாரத்துக்குள்ள இன்னொரு நாலு கட்டம் வரும். அதுக்கடுத்த வாரம் இன்னொரு நாலு. அதுக்கு மேல... முடியாதுங்க. பொய் சொல்ல விரும்பல."

சென்ஸி கையுறையை மாட்டிக்கொண்டாள். அவளே தைத்தது. ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்ய ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம்," என்றாள். "அந்தப் பதினாறையே வாசிக்கலாம். நாலு மணிக்கு வந்துடுங்க."